வரத்து இல்லை

ஐந்தரைக்கு
இடது கை மோதிர விரலில் ஒரு குத்து.
ஆறு மணிக்கு
மணிமுத்தாறு அணையின் அளவுகோலில் ஒரு பார்வை.
இரண்டையும் ஒரே நோட்டில் எழுதுகிறேன்.
அணைக்கு முன்பக்கம்,
எனக்குப் பின்பக்கம்.

பத்தொன்பது வருஷமாக லஸ்கர்.
தண்ணீரின் கணக்கு அத்துப்படி.
மாஞ்சோலையில் பெய்தால் வரத்து,
மதகைத் தூக்கினால் போக்கு,
மிச்சம் இருப்பு.
ஒளிவு மறைவு கிடையாது.

என் கணக்குத்தான் ஒப்பவில்லை.
ராத்திரி ஏழரைக்கு இரண்டு கேப்பை தோசை,
எள்ளுத் துவையல்.
அதற்கப்புறம் பச்சைத் தண்ணீர்தான்.
படுக்கும்போது நூற்றிநான்கு.
விடிந்தால் நூற்றிப்பதினாறு.
வரத்து பூஜ்யம்,
மட்டம் ஏறியிருக்கிறது.
அணைக்கு இப்படி எழுதிக் கொடுத்தால்
மறுநாளே மெமோ.

உலகம்மைக்கு என் மேல்தான் சந்தேகம்.
கருப்பட்டி டப்பாவின் மூடியில்
தலைமுடி ஒன்றைக் குறுக்கே வைத்துப் பார்த்திருக்கிறாள்.
காலையிலும் அது அப்படியே இருந்ததாம்.
சொல்லும்போது அவள் முகத்தில்
கொஞ்சம் ஏமாற்றம்.

கல்லிடைக்குறிச்சியில் டாக்டர் மெஹருன்னிசா
நோட்டைப் பின்பக்கமிருந்து புரட்டினார்.
'நோயின்னு இன்னும் சொல்ல மாட்டேன்.
வரப்புல நிக்கீங்க.
ராத்திரி தூங்குதீங்களா?'
தூங்குகிறேன் என்றேன்.
'மூணு மணிக்கு?'

மூன்று மணிக்கு
மச்சினன் கோமதிநாயகத்தின் லோடு ஆட்டோ
ரிவர்ஸில் வந்து என் நெஞ்சின் மேல் நிற்கும்.
ஜாமீன் கையெழுத்து நான் போட்டது.
பதினோரு தவணை பாக்கி.
அவன் திருப்பூரிலோ எங்கேயோ.
போனைப் போட்டால் ஒரு பெண்
தமிழிலும் இங்கிலீஷிலும் வருத்தப்படுகிறாள்.
வங்கி அனுப்பிய மூன்று நோட்டீசும்
பழைய காலண்டருக்குள் சுருட்டி வைத்திருக்கிறேன்,
அதே அலமாரியில்,
கருப்பட்டி டப்பாவுக்கு நேர் பின்னால்.

இதில் எதையும் டாக்டரிடம் சொல்லவில்லை.
அவராகவே சொன்னார்:
'உள்ளேயும் ஒரு மதகு இருக்கு. கல்லீரல்.
நீங்க பயந்தா, எங்கயோ ஓடப் போறீங்கன்னு நெனச்சு
வழிச்செலவுக்குச் சர்க்கரையத் தொறந்து விட்டுரும்.
நீங்க ஓடல. படுத்துல்லா கெடக்கீங்க.'

மாத்திரை இப்போதைக்கு வேண்டாம்.
ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நட.
மூன்று மாசம் கழித்து வா.

நடக்கிறேன்.
அணைக்கரை முடியவே முடியாது.
ஒரு பக்கம் அம்பாசமுத்திரத்து விளக்குகள்,
ஒரு பக்கம் தண்ணீர்,
அலுங்காமல்.
எனக்குப் பொறாமையாக இருக்கும்.

போன புதன்கிழமை
பிரிவு அலுவலகத்துக்குப் போன் செய்து
'நூத்திப்பதினேழு' என்றேன்.
'எவ்வளவு?'
'நூத்திப்பதினேழு சார்.'
'வே, முழுக் கொள்ளளவே நூத்திப்பதினெட்டு!
நேத்து எம்பத்திநாலுல்லா சொன்னீரு?
மலையில என்னதான் நடக்கு?'
அவர் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம்,
யாரையோ ஜீப்பை எடுக்கச் சொல்லும் சத்தம்.
கல்லிடை, சேரன்மகாதேவி, சீவலப்பேரி என்று
ஒவ்வொரு ஊராக
என் விரல்நுனிச் சொட்டில் மூழ்கிக்கொண்டிருந்தது.

'சார்... அது என் சுகரு.'

எதிர்முனையில் மூச்சு மட்டும்.
மெமோதான் என்று முடிவுகட்டினேன்.
ஜே.இ. நயினார் சார் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
'சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?'

அவருக்கு நூற்றிநாற்பதாம், வெறும் வயிற்றில்.
மகளுக்கு மாப்பிள்ளை தகையவில்லையாம்.
கடைசியில் அணை மட்டத்தைக் கேட்க அவரும் மறந்து,
சொல்ல நானும் மறந்து,
ஏழு மணிக்கு மறுபடி போன் போட்டேன்.

இன்று ஐந்தேகாலுக்கே விழிப்பு.
ஊசி டப்பாவை எடுக்க அலமாரியைத் திறந்தேன்.
கருப்பட்டி டப்பாவின் மேல் எதுவும் இல்லை.
காலண்டர் சுருளின் மேல்
குறுக்கே ஒரு தலைமுடி,
பாதி கறுப்பு, பாதி நரை.

அடுப்படியில் அவள் காப்பி ஆற்றுகிறாள்,
சீனி போடாத காப்பியை,
வேண்டுமென்றே மெதுவாக,
உயரத் தூக்கித் தூக்கி.

நோட்டின் பின்பக்கத்தில்
தேதி மட்டும் எழுதியிருக்கிறேன்.
குத்துவதற்கு முன்னால்
அவளிடம் போக வேண்டும்.